நாலு கால் பந்தலும் இரண்டேகால் லட்சம் டாலரும்

தர்மம் செய்ய அனுமதி கேட்டு ஒருவன் கோர்ட்டுப் படி ஏறியதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா, தோழர்களே? அமெரிக்காவில் அப்படி ஒரு வழக்கு நடந்தது.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பைசர் என்னும் மருந்துக் கம்பெனி அமெரிக்க சர்க்கார் மீது நியூயார்க் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. எங்கள் மருந்தை வாங்க வழியில்லாமல் இருதய நோயாளிகள் தவிக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கை நாங்களே கட்டிவிடத் தயார். சர்க்காரின் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதை விலக்குங்கள் — இதுதான் வழக்கின் சாரம்.

2021 செப்டம்பரில் கோர்ட்டு மறுத்தது. 2022 ஜூலையில் அப்பீல் கோர்ட்டும் மறுத்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இந்த வழக்கைக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டது.

கொடுக்க வந்த கையைச் சட்டம் தட்டிவிட்டதே, இது என்ன கொடுமை என்று தோன்றும். கணக்கைப் பார்த்தால் வேறு தோன்றும். மருந்தின் விலை அப்போது ஆண்டுக்கு 2,25,000 டாலர். அதில் நோயாளி தன் கையிலிருந்து கட்டவேண்டியிருந்த பங்கு சுமார் 13,000 டாலர். மீதியைக் கட்டவேண்டியது, முதியோருக்காக சர்க்கார் நடத்தும் மெடிகேர் இன்ஷூரன்ஸ். அதாவது மக்களின் வரிப்பணமும் சந்தாப் பணமும். பதின்மூன்றாயிரத்தை இந்தக் கையால் கொடுத்தால், இரண்டு லட்சத்துக்கு மேல் அந்தக் கையில் வந்து விழும். தூண்டிலில் புழுவைக் கோத்துவிட்டு, மீனுக்கு விருந்து வைத்தேன் என்று சொல்வதுண்டா?

சர்க்கார் பணம் கொடுக்கும் பொருளை வாங்கத் தூண்டும்படி யாரும் கைக்காசு கொடுக்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். வேறு மூன்று மருந்துகளில், ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வழியாக இதே காரியத்தைச் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2018 மே மாதத்தில் இதே கம்பெனி சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போனது.

இந்த வழக்கில் ஒரு மனிதன் நடுவே நிற்கிறான், அவனை மறந்துவிடலாகாது. கம்பெனியின் காசு கிடைத்திருந்தால் அவனுக்கு மருந்து கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. சட்டம் சரியாக இருந்தது, கம்பெனி தோற்றது, ஆனாலும் அந்த நோயாளி ஜெயிக்கவில்லை. ஏன் இப்படி ஆயிற்று? விடை வேண்டுமானால் அந்த நோயின் கதையையும் மருந்தின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீனவர் ஊரில் எழுந்த கேள்வி

போர்ச்சுகல் நாட்டின் வடக்கே, போர்ட்டோ நகருக்கு அருகில், போவுவா டி வார்ஸிம் என்று ஒரு கடற்கரை ஊர். மீன்பிடிப்பவர்களின் ஊர். அந்த ஊராருக்கு ஒரு வியாதி தலைமுறை தலைமுறையாகத் தெரியும். முதலில் பாதம் மரத்துப்போகும். சூடு தெரியாது, காயம் தெரியாது. பிறகு கால் தள்ளாடும், உடல் உருகும். நடுவயதிலேயே சாவு. தகப்பனுக்கு வந்தது மகனுக்கும் வரும். "சின்னப் பாத நோய்" என்று அதற்குத் தங்கள் பாஷையில் பெயரும் வைத்திருந்தார்கள். மருத்துவப் புத்தகத்தில்தான் அதற்குப் பெயர் இல்லை.

1939-இல் போர்ட்டோ நகரின் சான்டோ அன்டோனியோ ஆஸ்பத்திரியில், அந்த ஊரைச் சேர்ந்த 37 வயதுப் பெண் ஒருவரை டாக்டர் கொரினோ டி அந்த்ராதே பரிசோதித்தார். இது தெரிந்த வியாதிகளில் சேராது என்று கண்டார். அதோடு விடவில்லை. குடும்பம் குடும்பமாகத் தேடினார். 1952-இல் 74 நோயாளிகளின் விவரத்தோடு உலகுக்கு அறிவித்தார். பிறகு சுவீடனின் வடபகுதியிலும் ஜப்பானிலும் இதே நோய் உள்ள குடும்பங்கள் இருப்பது தெரியவந்தது.

நாலு கால் பந்தல்

நம் கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. டிரான்ஸ்தைரெட்டின் என்று பெயர். தைராய்டு சுரப்பின் நீரையும் 'ஏ' வைட்டமினையும் சுமந்து செல்லும் சுமைகூலி அது. நான்கு துண்டுகள் சேர்ந்து நிற்கும் அமைப்பு. நாலு கால் பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரையில் ஓர் எழுத்துப் பிழை வந்துவிட்டால், பந்தற்கால்களின் கட்டு தளர்ந்துவிடுகிறது. கால்கள் பிரிகின்றன. பிரிந்த கால்கள் கோணி, ஒன்றோடொன்று சிக்கி, நாராகத் திரிந்து, நரம்பிலும் இருதயத்திலும் போய்ப் படிகின்றன. பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிழை இருந்தால் போதும். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நரம்பில் படிந்தால் கால் மரக்கும். இருதயத்தில் படிந்தால் சுவர் தடிக்கும். தடித்துவிட்டதே, பலம் கூடியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது சதைப் பெருக்கமல்ல. சதைக்கு நடுவே அடைத்துக்கொண்ட நார். பம்பு வேலை செய்யச் சுருங்கினால் மட்டும் போதாது, விரியவும் வேண்டும். விறைத்த இருதயம் விரியாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தமே உள்ளே வரும், கொஞ்சமே வெளியே போகும். பின்னால் தேங்கிய நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் இறங்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். துடிப்பை நடத்தும் மின்சாரப் பாதையிலும் நார் படியும். துடிப்பு தாளம் தப்பும், சில சமயம் நின்று நின்று வரும். இரத்தம் உள்ளே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பழக்கமான மருந்தே பகையாகும்

இங்கேதான் வைத்தியத்தின் சூட்சுமம் இருக்கிறது. இருதயம் பலவீனமானால் டாக்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் சில, இந்த நோயாளிக்கு ஆகாதவை.

துடிப்பை மெதுவாக்கும் மருந்து பலருக்கு உயிர்காக்கும் மருந்து. இந்த நோயாளிக்கு அப்படியல்ல. ஒரு துடிப்பில் போகும் இரத்தமே குறைவு என்றால், துடிப்பின் வேகத்தைக் கொண்டுதான் உடம்பு ஈடு கட்டுகிறது. அந்த வேகத்தையும் குறைத்தால் என்ன ஆகும்? தலைசுற்றல், மயக்கம். இரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்துகளும் அப்படியே. நரம்பு கெட்ட நோயாளிக்கு எழுந்து நின்றாலே அழுத்தம் இறங்கிவிடும். மருந்தும் சேர்ந்து இறக்கினால் தாங்கமாட்டார். ஆகவே நோயின் பெயர் தெரியாமல் வைத்தியம் செய்தால், அந்த வைத்தியமே இன்னொரு வியாதியாகிவிடும்.

பெயர் தெரிந்தபின் செய்யவேண்டியவை தெளிவு. நீர் பிரியச் செய்யும் மாத்திரையை அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும். உப்பைக் குறைக்கவேண்டும். நாள்தோறும் எடை பார்க்கவேண்டும். இரண்டு நாளில் எடை ஏறினால் ஏறியது சதையல்ல, நீர். தாளம் தப்பிய துடிப்பு இருந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டும். மின்சாரப் பாதை அடைபட்டால் பேஸ்மேக்கர் கருவி வைக்கவேண்டும்.

இவையெல்லாம் ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைப்பது போன்றவை. கூரையை மாற்றும் முயற்சி 1990-இல் சுவீடனில் தொடங்கியது. பிழையான புரதத்தைச் செய்வது கல்லீரல்தானே, அதையே மாற்றிவிடுவோம் என்று வேறொருவர் கல்லீரலைப் பொருத்தினார்கள். நோயாளியிடமிருந்து எடுத்த கல்லீரல், இந்தப் புரதத்தைத் தவிர மற்றபடி நல்ல கல்லீரல். அதை இன்னும் அவசரமாகக் கல்லீரல் தேவைப்பட்ட வேறொருவருக்குப் பொருத்தும் முறையைப் போர்ச்சுகல் டாக்டர்கள் 1995-இல் செய்துகாட்டினார்கள். ஒரு தானத்தில் இரண்டு உயிர். ஆனால் இருதயத்தில் ஏற்கெனவே நார் படிந்துவிட்டால், கல்லீரலை மாற்றிய பிறகும் சரியான புரதமே அந்த நாரின் மீது படிந்து நோய் வளர்வதைக் கண்டார்கள். வேறு வழி தேவைப்பட்டது.

கப்பலில் வந்த பிழை

இந்த நோய் மீனவர் ஊரோடு நிற்கவில்லை. இதே புரதத்தில் வேறோர் இடத்தில் ஏற்பட்ட எழுத்துப் பிழை ஒன்று, நரம்பைவிட இருதயத்தையே அதிகம் தாக்குகிறது. அது மேற்கு ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட பிழை. அங்கிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கப்பலேற்றி, அமெரிக்கப் பருத்திக் காடுகளில் இறக்கினார்களே, அவர்களோடு அதுவும் இறங்கியது. இன்று அமெரிக்கக் கறுப்பு மக்களில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பேர் அதைச் சுமக்கிறார்கள். சுமப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டி வருகிறது.

அவருக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்கிறார்கள்? கறுப்பர்களுக்கு இரத்தக் கொதிப்பு அதிகம். அதனால் இருதயச் சுவர் தடித்துவிட்டது. இந்த மாத்திரையைச் சாப்பிடு என்று அனுப்பிவிடுகிறார்கள். எந்த மாத்திரை? மேலே சொன்ன, ஆகாத மாத்திரைகளாகவே அவை இருந்துவிடலாம்!

நோய் முன்கூட்டியே ஓர் அடையாளம் காட்டுகிறது. இருதயம் கெடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இதே நார் மணிக்கட்டில் படிந்து நரம்பை நெருக்குகிறது. இரண்டு கையிலும் விரல் மரக்கும், இரவில் குடையும். வாழ்நாள் முழுதும் உழைத்த கை, மரக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். அவனும் விட்டுவிடுகிறான், டாக்டரும் விட்டுவிடுகிறார். மணிக்கட்டு நோய் எல்லாம் இந்த நோயல்ல, பெரும்பாலானவை அல்ல. ஆனால் இரண்டு கையும் மரத்து, சில ஆண்டு கழித்து மூச்சும் வாங்கி, குடும்பத்தில் இப்படிப் போனவர்களும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டும்.

முன்பெல்லாம் நோயை உறுதி செய்ய இருதயத்திலிருந்தே ஒரு துணுக்கை எடுக்கவேண்டும். 2016-இல் பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து ஒரு வழியை வகுத்துக் கொடுத்தார்கள். எலும்பைப் பார்க்கப் பயன்படும் ஸ்கேனையே இருதயத்துக்குப் பயன்படுத்தி, கூடவே இரத்தமும் சிறுநீரும் சோதித்தால், பெரும்பாலோருக்குக் கத்தி வைக்காமலே கண்டுவிடலாம். அதன் பிறகு, இல்லை என்று எண்ணியிருந்த இடங்களிலெல்லாம் நோயாளிகள் தென்படத் தொடங்கினார்கள்.

யார் கண்ட மருந்து?

மருந்தின் கதையும் போர்ச்சுகலில்தான் தொடங்குகிறது. நோய்க்குரிய பிழையைச் சுமந்தும், நோய் லேசாகவே வந்த சிலரை அங்கே கண்டார்கள். ஆராய்ந்தபோது, அவர்களிடம் இரண்டாவதாக இன்னொரு மாற்றமும் இருந்தது. முதல் பிழை பந்தற்காலின் கட்டைத் தளர்த்தியது. இரண்டாவது மாற்றம் அதே கட்டை இறுக்கிப் பிடித்தது! இயற்கையே வழி காட்டிவிட்டது. கட்டை இறுக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தால் நோயைத் தடுக்கலாம்.

கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் ஜெப்ரி கெல்லி அந்த வழியில் பல்லாண்டு உழைத்தார். அந்த உழைப்புக்கு அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார நிலையங்கள் மானியம் கொடுத்தன. 2003-இல் அவர் பங்குகொண்டு ஒரு சிறு கம்பெனி உருவாயிற்று. 2010-இல் பைசர் அதை வாங்கிக்கொண்டது. டாபமிடிஸ் என்ற அந்த மருந்து நரம்பு நோய்க்காக 2011-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

இருதயத்துக்கான சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. 441 நோயாளிகள்; 30 மாதங்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் மாண்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர். நல்ல மருந்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது படிந்த நாரைக் கரைக்கும் மருந்தல்ல; மேலும் படிவதைக் குறைக்கும் மருந்து. நோய் முற்றியவர்களுக்குப் பலன் குறைவாகவே தெரிந்தது. அதாவது, எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. பணம் சேர்த்துக்கொண்டு பிறகு வருகிறேன் என்று நோயாளி சொல்ல முடியாத மருந்து இது.

இந்தச் சோதனையைப் பல நாடுகளில் நடத்திய செலவு கம்பெனியினுடையது. தோற்றிருந்தால் நஷ்டமும் அதனுடையதே. அதற்குரிய கூலி அதற்கு வேண்டும். எவ்வளவு கூலி என்பதுதான் கேள்வி.

2019 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை ஆண்டுக்கு 2,25,000 டாலர் என்று கம்பெனி அறிவித்தது. இந்த மருந்து தரும் நன்மைக்கு என்ன விலை நியாயம் என்று கணக்கிட்ட ஓர் ஆராய்ச்சி, 2020-இல் அமெரிக்க இருதய வைத்திய ஏட்டில் வெளிவந்தது. விலையில் நூற்றுக்கு 92 பங்குக்கு மேல் குறைத்தால்தான் அங்கு வழங்கும் அளவுகோலுக்குள் வரும் என்றது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 16,500 டாலர். இதைச் சொன்னவர்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்ல, டாக்டர்கள்!

"அரியது" என்ற கவசம்

இவ்வளவு விலை ஏன் என்றால், நோய் அரியது, வாங்குபவர் சிலரே, சிலரிடமிருந்துதான் போட்ட முதலை எடுக்கவேண்டும் என்கிறார்கள். 1983-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. இரண்டு லட்சம் பேருக்குக் குறைவானவர்களைப் பீடிக்கும் நோய்க்கு மருந்து செய்தால், ஏழாண்டு தனி உரிமையும் வரிச் சலுகையும் உண்டு. அனாதையாக விடப்பட்ட நோயாளிகளுக்கு நன்மை செய்த சட்டம் அது. பல மருந்துகள் அதனால் வந்தன.

ஆனால் சிலர் என்ற வாதம் எத்தனை நாள் நிற்கும்? அந்த 441 பேரில் சுமார் நாலில் மூன்று பங்கினர் பரம்பரைப் பிழையே இல்லாதவர்கள். முதுமையில் அதே பந்தல் தானாகத் தளர்ந்து அதே நோய் வந்தவர்கள். ஸ்கேன் வந்தபின் அத்தகைய முதியவர்கள் ஆயிரக்கணக்கில் தெரியவந்தார்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்த மருந்தின் விற்பனை 500 கோடி டாலருக்கு மேல். சிலருக்கென்று போட்ட விலை, பலர் வந்தபின் இறங்கவேண்டாமா?

போட்டி வந்தால் விலை விழும் என்பார்கள் சந்தைப் பக்தர்கள். போட்டி வந்தது. 2024 நவம்பரில் அகோராமிடிஸ் என்ற இரண்டாவது மருந்து அனுமதி பெற்றது. அதன் விலையும் ஆண்டுக்கு 2,40,000 டாலருக்கு மேல். 2025 மார்ச்சில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் வுட்ரிசிரான் ஊசி இந்த இருதய நோய்க்கும் அனுமதி பெற்றது. அதன் விலை இந்த இரண்டையும் மிஞ்சியது. ஏலம் தெரியும் நமக்கு. விற்பவர்களே விலையை ஏற்றிக் கேட்கும் ஏலத்தை இங்கேதான் பார்க்கிறோம்.

டைப்ளூனிசால் என்று ஒரு பழைய வலிமாத்திரை. காப்புரிமை என்றோ தீர்ந்தது, மலிவு. அதுவும் இந்தப் பந்தற்காலை இறுக்கும். 130 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் நரம்பு நோயின் வேகத்தைக் குறைத்தது என்று 2013-இல் எழுதினார்கள். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல் செய்யக்கூடியது. இருதய நோயாளி தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாதது. ஆனால் டாபமிடிசுக்கு நடந்ததுபோல் இருதயத்துக்கென்று ஒரு பெரிய சோதனை அதற்கு நடக்கவில்லை. லாபமில்லாத மாத்திரைக்குக் கோடி கோடியாகச் செலவிட்டு யார் சோதனை நடத்துவார்?

பேரம் பேசும் கை

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே எல்லோருக்கும் வைத்தியம் கொடுப்பது சர்க்காரின் சுகாதாரத் துறை. எந்த மருந்தை எந்த விலைக்கு வாங்கலாம் என்று சொல்ல ஒரு நிலையம் இருக்கிறது. 2021-இல் அந்த நிலையம் டாபமிடிஸ் வேண்டாம் என்றது. மூன்றாண்டு சென்றது. 2024-இல் கம்பெனி தள்ளுபடி கொடுத்தது. நிலையம் சரி என்றது. ஒரு தேசமே ஒரே வாடிக்கைக்காரனாக வந்து நின்றால், இறங்காத விலையும் இறங்குகிறது. தனித்தனியே போனால் முதலாளியிடம் கூலி உயராது, சங்கமாகப் போனால் உயரும் என்பது தொழிலாளிக்குப் புதிய பாடமா?

அதிலும் இரண்டு குறை. தள்ளுபடி எவ்வளவு என்பது இரகசியம். அடுத்த நாட்டுக்காரன் அதைக் காட்டிப் பேரம் பேச முடியாது. அந்த மூன்றாண்டுப் பேரத்தில் காத்திருந்தவர்கள் நோயாளிகள். விறைக்கும் இருதயம் பேரம் முடியும்வரை பொறுத்திருக்காது.

அமெரிக்காவும் ஒரு படி ஏறியிருக்கிறது. 2022-இல் இயற்றிய சட்டப்படி, மெடிகேர் நோயாளி மருந்துக்காகக் கைக்காசு கட்டவேண்டியதற்கு 2025 முதல் உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டில் அது 2,000 டாலர். பதின்மூன்றாயிரம் இரண்டாயிரம் ஆனது பெரிய ஆறுதல், வரவேற்கிறோம். ஆனால் குறைந்தது நோயாளியின் பங்கு, மருந்தின் விலையல்ல. மீதியைக் கட்டுவது பொதுப் பணமே. சில மருந்துகளின் விலையைப் பேரம் பேச அதே சட்டம் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. ஓர் அரிய நோய்க்கு மட்டுமான மருந்துகளுக்கு அதிலிருந்து விலக்கும் கொடுத்தது. 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் அந்த விலக்கை இன்னும் அகலமாக்கியது. முன்வாசலைத் திறந்துவிட்டுப் பின்வாசலைப் பெரிதாக்கிய கதை!

இனி வழக்குக்குத் திரும்புவோம். கோர்ட்டில் கம்பெனி கேட்டது பதின்மூன்றாயிரம் டாலரைக் கொடுக்கும் உரிமையை. இரண்டேகால் லட்சம் என்ற விலை எப்படி வந்தது என்பதை அந்த வழக்கு விசாரிக்கவில்லை. எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை. நோயாளி தோற்றது அங்கேதான்.

அந்த விசாரணை நடக்கவேண்டும். பொது மானியத்தில் பிறந்த மருந்தானால், பொதுப் பணம் எவ்வளவு, கம்பெனிப் பணம் எவ்வளவு என்ற கணக்கு வெளியே வரவேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கை ஏறும்போது விலை இறங்கவேண்டும். ஒரு சர்க்கார் வாங்கும் விலை மற்ற சர்க்கார்களுக்குத் தெரியவேண்டும். லாபம் தராத பழைய மருந்துகளுக்குச் சோதனை நடத்தும் செலவைப் பொதுப் பணம் ஏற்கவேண்டும். இரண்டு கையும் மரத்து, மூச்சும் வாங்கும் உழைப்பாளியை எந்த ஊர் ஆஸ்பத்திரியும் வெறும் கொதிப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பாதிருக்கவேண்டும்.

போவுவா டி வார்ஸிமின் மீனவக் குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை டாக்டரிடம் சொன்னார்கள். தங்கள் இரத்தத்தைக் கொடுத்தார்கள். 441 நோயாளிகள், கையிலிருப்பது மருந்தா வெறும் மாத்திரையா என்று தெரியாமலே 30 மாதம் விழுங்கினார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. யாரும் அதற்கு விலை போடவில்லை, கேட்கவும் இல்லை. மருந்தின் விலையை எழுதும் மேசையில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறோம். நியாயமில்லையா, தோழர்களே?